கொத்தவில்லை, தட்டுகிறது: கோத்தகிரிக் கொல்லைப்புறத்து அண்டங்காக்கைகள்

கோத்தகிரிக்கு அருகில் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டிலிருந்து வந்த கேள்வி இது. வீட்டுக்குப் பின்னால், துணி உலர்த்தும் கொடிக்கு நேர்மேலே நிற்கும் சைப்ரஸ் மரத்தில் ஒரு காக்கைக் கூடு இருக்கிறது. ஏப்ரல் முழுவதும் எந்தத் தொந்தரவும் இல்லை. மே மாதம் இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் வேலியோரத்தில் ஒரு குஞ்சு கிடந்திருக்கிறது. நாய் கவ்விவிடப் போகிறது என்று அம்மா அதைக் கையில் எடுத்து மதில்மேல் வைத்திருக்கிறார். அன்று மாலையிலிருந்து அம்மா கொல்லைப்புறம் போகும் போதெல்லாம் இரண்டு காக்கைகள் பின்னாலிருந்து வந்து தலையில் அடிக்கின்றன. ஒரு முறை உச்சந்தலையில் கீறி இரத்தமும் வந்திருக்கிறது. வீட்டில் மற்றவர்களை அவை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் கிளையோடு சேர்த்துக் கூட்டை வெட்டிவிடலாம் என்கிறார். காக்கை தலையில் தட்டினால் சனி தோஷம், எள் விளக்கு ஏற்ற வேண்டும் என்கிறார் அத்தை. ஏன் இப்படி, எத்தனை நாளைக்கு, கூட்டை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கும் குஞ்சின் செய்தியில்தான் பதில் இருக்கிறது. அந்தக் காக்கைகள் கூட்டைக் காக்கவில்லை. கூட்டை விட்டு இறங்கிய, இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகளைக் காக்கின்றன. உங்கள் கொல்லையில் எங்கோ, பெரும்பாலும் வேலிப் புதரிலோ தேயிலைச் செடிகளுக்கு அடியிலோ, அந்தக் குஞ்சு இப்போதும் இருக்கிறது. அது மரத்துக்கு மரம் தாவும் அளவுக்குச் சிறகு வலுக்கும் வரையில், அதாவது இன்னும் பத்து நாளோ இரண்டு வாரமோ, இந்தச் சீற்றம் இருக்கும். பிறகு தானாகவே தணிந்துவிடும். கூட்டை இப்போது வெட்டுவதால் ஒரு பயனும் இல்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே காலியான, அல்லது காலியாகிக்கொண்டிருக்கிற கூடு. இவ்வளவு போதும் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

முதலில், எந்தக் காக்கை என்பதைப் பார்க்க வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் காக்கை என்று ஒரே பெயரால் சொன்னாலும் இரண்டு இனங்கள் உண்டு. கழுத்து சாம்பல் நிறமாக, உடல் சற்று மெலிந்து, சந்தையிலும் பேருந்து நிலையத்திலும் கூட்டமாகத் திரிவது வீட்டுக் காக்கை. உடல் முழுவதும் கருத்து, அலகு தடித்து வளைந்து, குரல் கனத்து இருப்பது அண்டங்காக்கை. மேட்டுப்பாளையத்தில் சுமார் 300 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தால் சாம்பல் கழுத்துக்காரர்களே எங்கும் கண்ணில் படுவார்கள். மலைப் பாதையில் ஏற ஏற அவர்கள் குறைந்து, ஊட்டியின் 2,200 மீட்டருக்குப் போகும்போது அண்டங்காக்கையின் ஆட்சிதான். உங்கள் சைப்ரஸ் மரத்தில் இருப்பதும் பெரும்பாலும் அண்டங்காக்கையாகத்தான் இருக்கும், அதற்கு நீங்கள் எழுதியதிலேயே ஒரு சான்றும் இருக்கிறது: தாக்குவது இரண்டே இரண்டு. வீட்டுக் காக்கையின் கூட்டருகே போனால் முதல் அபயக் குரலுக்கே அக்கம்பக்கத்துக் காக்கைகள் எல்லாம் திரண்டு வந்து தலைக்குமேல் வட்டமிடும். அண்டங்காக்கை அப்படி ஊரைக் கூட்டுவது குறைவு. ஓர் இணை தனக்கென்று ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு, அதற்குள் வேறு அண்டங்காக்கைகளையே நுழையவிடாமல் வாழும் பறவை அது. சண்டையையும் அந்த இரண்டுமே போட்டுக்கொள்ளும். ஆனால் ஏறக்குறைய அரைக் கிலோ எடையுள்ள பறவை என்பதால், இரண்டு வந்தாலே அடி பலமாக இருக்கும்.

இனி அதன் நாட்காட்டி. நம் மலையில் அண்டங்காக்கை கோடையை ஒட்டிக் கூடு கட்டுகிறது. மார்ச் மாதத்தில் ஆணும் பெண்ணுமாகச் சுள்ளி சுமப்பதைப் பார்க்கலாம். தைல மரம், சைப்ரஸ், சில்வர் ஓக் போன்ற உயரமான மரங்களின் கவையில் சுள்ளிகளை அடுக்கி, உள்ளே நாரும் மயிரும் பரப்பி மெத்தை செய்கின்றன. கட்டுக்கம்பி கிடைத்தால் அதையும் விடுவதில்லை. எருமை முதுகில் உட்கார்ந்து ரோமத்தைப் பிடுங்கிக்கொண்டு போவதை இங்கே மேய்ச்சல் நிலத்தில் நின்றால் பார்க்கலாம். எருமை அதைப் பொருட்படுத்துவதே இல்லை. நீலப்பச்சை நிறத்தில் பழுப்புத் திட்டுகளோடு மூன்று முதல் ஐந்து முட்டைகள் இடும். அடைகாப்பது பெண்ணின் வேலை. அதற்கு இரை கொண்டுவருவதும் சுற்றுப்புறத்தைக் காவல் காப்பதும் ஆணின் வேலை. பதினேழு முதல் இருபது நாட்களுக்குள் முட்டை பொரியும். அதன்பின் ஏறக்குறைய ஒரு மாதம் குஞ்சுகள் கூட்டில் வளரும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் மார்ச் இறுதியில் இட்ட முட்டையின் குஞ்சு மே நடுவில் கூட்டை விட்டு இறங்க வேண்டும். உங்கள் வீட்டில் நடந்ததும் அதுவே. தென்மேற்குப் பருவமழை கூடலூர்ப் பக்கம் கொட்டத் தொடங்கும் ஜூனுக்கு முன்னால் குஞ்சு கிளை பிடித்துவிட வேண்டும். கோத்தகிரிக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில்தான் என்றாலும், ஜூன் ஜூலையின் காற்றும் சாரலும் பறக்கத் தெரியாத குஞ்சுக்கு லேசானவை அல்ல.

ஏப்ரல் முழுவதும் அமைதியாக இருந்த காக்கை மே மாதத்தில் ஏன் மாறியது என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முட்டை இருக்கும்போதுதான் பறவை அதிகம் சீறும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் முட்டைக் காலத்தில் காக்கை மிகவும் அடக்கமாக இருக்கும். கூடு இருக்கும் இடம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போகும். குஞ்சு வளர வளரத்தான் சீற்றமும் வளர்கிறது. ராபர்ட் டிரைவர்ஸ் என்ற உயிரியலாளர் 1972-இல், பெற்றோர் ஒரு குஞ்சுக்காகச் செலவிடும் உழைப்பை முதலீடாகப் பார்க்கும் கருத்தை முன்வைத்தார். பறவைகளின் கூட்டுக் காவலுக்கு அதைப் பொருத்திப் பார்த்தவர்கள் சொல்வது இது: முட்டை போனால் இன்னொரு முறை இடலாம், பருவம் மிச்சமிருக்கிறது, ஐந்து வாரம் ஊட்டி வளர்த்த குஞ்சு போனால் அந்த ஆண்டே போயிற்று. ஆகவே குஞ்சின் வயது கூடக்கூட, அதற்காகப் பெற்றோர் ஏற்கத் துணியும் ஆபத்தும் கூடுகிறது. குஞ்சு தரையில் இறங்கும் நாளில் அந்தத் துணிச்சல் உச்சத்துக்குப் போகிறது. நாய், பூனை, கீரி, மனிதன் என எல்லாருக்கும் எட்டும் உயரத்துக்கு அது வந்துவிட்டதே, பின் எப்படி இருக்கும்? ஆகையால் மலையில் யார் என்னிடம் காக்கை அடித்தது என்று வந்து சொன்னாலும் நான் சொல்வது ஒன்றுதான்: மரத்தை அண்ணாந்து பார்ப்பதை விட்டுவிட்டு, நின்ற இடத்தைச் சுற்றிக் கீழே பாருங்கள்.

அடி எப்படி விழுகிறது என்பதையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவைப்பது நல்லது, ஏனென்றால் அண்டங்காக்கை எச்சரிக்காமல் அடிப்பது அரிது. முதலில் மர உச்சியில் நீட்டிக் கரையும். நாம் நகராவிட்டால் தாழ்ந்த கிளைக்கு வரும், குரல் குறுகி வேகமாகும். அதற்கும் நாம் அசையாவிட்டால் செய்வது வேடிக்கையாக இருக்கும்: தான் உட்கார்ந்திருக்கும் கிளையையே அலகால் டொக் டொக்கென்று குத்தும், பக்கத்து இலைகளைப் பிய்த்துக் கீழே போடும், சுள்ளியை முறித்து எறியும். பார்ப்பவர்கள் நம்மேல் குறிபார்த்து எறிகிறது என்று சொல்வார்கள். அப்படியில்லை, அடிக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் ஆத்திரத்தைக் கிளைமேல் காட்டுகிறது என்றே கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னால், குன்னூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதையில் இந்தக் காட்சியில் மயங்கி, கையில் குறிப்பேட்டோடு ஐந்து நிமிடம் நின்றேன். இலை விழுவது நின்றது. சரி, பழகிவிட்டது போலும் என்று திரும்பி இரண்டடி வைத்திருப்பேன். காதுக்குப் பின்னால் காற்றைக் கிழிக்கும் ஓர் ஒலி, உடனே பின்மண்டையில் யாரோ விரல்முட்டியால் ஓங்கிக் குட்டியதுபோல் ஓர் அடி. குறிப்பேடு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். நிமிர்ந்து பார்த்தபோது அது பழைய கிளையிலேயே உட்கார்ந்து, அலகைக் கிளையில் இருபுறமும் தீட்டிக்கொண்டிருந்தது. என் காலிலிருந்து நான்கு முழத்தில், லண்டானாப் புதருக்குள், வால் முளைக்காத குஞ்சு ஒன்று வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த அடி அலகால் விழுந்ததல்ல. பின்னாலிருந்து தாழப் பறந்து வந்து, கடக்கும் நொடியில் கால்களால் உதைத்துவிட்டுப் போவதே அண்டங்காக்கையின் வழக்கம். கீறல் வருவது நகத்தால். காக்கை கொத்திவிட்டது என்று எல்லாரும் சொன்னாலும், அத்தை சொல்லும் "தலையில் தட்டியது" என்ற சொல்தான் நடந்ததைச் சரியாகச் சொல்கிறது. தோஷத்தைப் பற்றிப் பேசியவர்கள் பறவையை நன்றாகவே கவனித்திருக்கிறார்கள். எப்போதும் பின்னாலிருந்துதான் வரும் என்பதும் முக்கியமான செய்தி. முகத்தை நேராக எதிர்கொள்ள அதற்குத் தயக்கம் உண்டு. சிறகு நம் கையில் மோதி ஒடிந்தால் அதோடு அதன் வாழ்வு முடிந்தது என்பதால், மோதாமல் அடிக்கும் கோணத்தையே தேடுகிறது.

சரி, வீட்டில் ஐந்து பேர் இருக்க அம்மாவை மட்டும் ஏன்? இதற்கு இரண்டு காரணங்கள் சேர்ந்திருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒன்று, குஞ்சைக் கையில் எடுத்தவர் அவர். காக்கைகள் மனித முகத்தை நினைவில் வைத்துக்கொள்கின்றன என்பது பாட்டி கதை அல்ல. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் 2006-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். அவரும் உடனிருந்தவர்களும் கற்காலக் குகை மனிதனின் முகமூடி ஒன்றை அணிந்துகொண்டு ஏழு காக்கைகளைப் பிடித்து, வளையமிட்டு, விடுவித்தார்கள். பின்னர் அதே முகமூடியோடு வளாகத்தில் நடந்தபோது காக்கைகள் கத்தித் தீர்த்தன. வேறு முகமூடியோடு நடந்தால் கண்டுகொள்ளவில்லை. முகமூடியை யார் அணிந்தாலும், ஆணானாலும் பெண்ணானாலும், எந்த உடையில் வந்தாலும் விடவில்லை. இதில் வியப்பு என்னவென்றால், ஆண்டுகள் செல்லச் செல்லக் கத்தும் காக்கைகளின் எண்ணிக்கை குறையாமல் கூடியது; பிடிபடாதவையும், அப்போது பிறந்தே இராதவையும் மற்றவற்றைப் பார்த்து அந்த முகத்தை எதிரியாக அறிந்துகொண்டன. அங்கே ஆராயப்பட்டது அமெரிக்கக் காக்கை, நம் அண்டங்காக்கை வேறு இனம். ஆனால் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, பழக்கத்திலும் அறிவிலும் நெருங்கிய உறவுக்காரர்கள். அம்மா குஞ்சைக் காப்பாற்றத்தான் எடுத்தார் என்பது அவற்றுக்குத் தெரிய வழியில்லை. அவை பார்த்தது, ஓர் உருவம் குனிந்து குஞ்சைப் பற்றித் தூக்கியதை மட்டுமே.

இரண்டாவது காரணம் கொஞ்சம் விசித்திரமானது. ஆனாலும் துணிக்கொடி என்று படித்தவுடன் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அதுதான். ஆஸ்திரியாவில் சிறு காக்கை இனம் ஒன்றை வளர்த்து ஆராய்ந்த கான்ராட் லோரன்ஸ், ஒரு நாள் குளித்துவிட்டு வந்து, ஈரமான கறுப்பு நீச்சல் உடையைப் பையிலிருந்து எடுத்திருக்கிறார். அவரோடு நன்றாகப் பழகிய பறவைகளே அடுத்த நொடி கூட்டமாக அவரைச் சூழ்ந்து தாக்கின. கையில் தொங்கும் கறுப்பான, துவண்ட பொருள் எதுவானாலும் அவற்றின் கண்ணுக்குப் பிடிபட்ட ஒரு காக்கைதான், வைத்திருப்பவன் கொலைகாரன். கோத்தகிரிக் குளிரில் கறுப்பு ஸ்வெட்டர் இல்லாத வீடு கிடையாது. ஈரமான கறுப்பு ஸ்வெட்டரை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு, குஞ்சு இருக்கும் வேலிக்குப் பக்கத்தில், முதுகைக் காட்டிக் குனிந்து வாளியிலிருந்து அடுத்த துணியை எடுக்கும் ஒருவரைக் காக்கையின் இடத்திலிருந்து நினைத்துப் பாருங்கள். பெயர் எடுத்த முகம், தொங்கும் கறுப்பு, திரும்பிய முதுகு, தரையில் குஞ்சு, எல்லாம் ஒரே இடத்தில். உங்கள் வீட்டில் துணி காயப்போடுவது அப்பாவின் வேலையாக இருந்திருந்தால் அடி அவருக்கு விழுந்திருக்கவும் கூடும்.

மனிதர்கள்மேல் விழும் அடியையே நாம் பேசிக்கொண்டிருக்கிறோம், காக்கையின் கணக்கில் நாம் ஒரு சிறு எதிரிதான். இந்த இரண்டு மாதங்களில் அது ஓயாமல் விரட்டிக்கொண்டிருப்பது குரங்குகளையும் பருந்துகளையும். தேயிலைச் சரிவை ஒட்டித் தாழ்வாக, அவசரமே இல்லாமல் மிதந்து வரும் கருங்கழுகு, கூடுகளைக் கொள்ளையிடுவதில் தேர்ந்தது. அது கண்ணில் பட்டதும் அண்டங்காக்கை இணை எழும்பி, அதற்கு மேலே போய் முதுகில் இறங்கி இறங்கி எல்லை தாண்டும் வரையில் விரட்டுவதை ஏப்ரல், மே மாதங்களில் அடிக்கடி பார்க்கலாம். நாட்டுக் குரங்குக் கூட்டம் வந்தால் வாலைக் கடித்து இழுக்கும் அளவுக்குப் போகும். அடிவாரத்திலும் சமவெளியிலும் குயிலும் இந்தப் பட்டியலில் சேரும். காக்கைக் கூட்டில் முட்டையிடும் பறவையை அங்கே துரத்தும் காட்சி எல்லாரும் அறிந்தது. ஆனால் காக்கையை அப்பாவியாக நினைத்துவிட வேண்டாம். சின்னான் கூட்டில் முட்டை திருடுவதும், தேன்சிட்டின் குஞ்சை எடுத்துப்போவதும் இதே அண்டங்காக்கைதான். தன் மரத்தில் யாரையும் அண்டவிடாத அது, கரிச்சான் கூடு கட்டிய மரத்தின் பக்கம் தப்பித்தவறிப் போய்விட்டு, கையகல உடம்புகூட இல்லாத அந்தக் குருவியிடம் அடி வாங்கிக்கொண்டு ஓடிவருவதையும் பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நிறைவாகவே இருந்தது என்பதை மறைப்பானேன்.

மலையில் இந்தச் சீற்றம் நகரத்தைவிட அதிகமாகப் பேசப்படுவதற்கு இன்னொரு காரணம் சீசன். ஏப்ரல், மே மாதங்களில் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோத்தகிரியிலும் மக்கள் குவியும் நாட்களும், அண்டங்காக்கைக் குஞ்சுகள் கூட்டை விட்டு இறங்கும் நாட்களும் ஒன்றாகவே வருகின்றன. பூங்காக்களிலும் காட்சி முனைகளிலும் மரத்தடியில் விரிப்பைப் போட்டுப் புளிசாதப் பொட்டலத்தைப் பிரிப்பவர்களுக்குத் தலைக்குமேல் கூடு இருப்பது தெரியாது. சிந்தும் சோறு வேறு எல்லையிலிருந்து இளங்காக்கைகளை இழுத்து வருகிறது. எல்லைக்கு உரிய இணை அவற்றோடு காலை முதல் மல்லுக்கட்டி ஏற்கெனவே கொதித்துப் போயிருக்கும் நேரத்தில் குழந்தை ஒன்று புதருக்குள் பந்தை எடுக்கப் போகிறது. இதோடு, பருவமழைக்கு முன்னால் ஆபத்தான மரங்களின் கிளைகளைக் கழிக்கும் வேலையும் இதே மாதங்களில் நடக்கும். கழிக்கத்தான் வேண்டும், காற்றில் மரம் வீட்டின்மேல் விழுவதை இங்கே பார்த்தவர்கள் மறுக்க மாட்டார்கள். ஆனால் உயிரோட்டமுள்ள கூடு இருக்கும் ஒரு கிளையை நான்கு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

கிளையை வெட்டும் யோசனைக்கு இங்கே வருகிறேன். பக்கத்து வீட்டு அண்ணன் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். இருந்தாலும் அதில் மூன்று சிக்கல்கள் உண்டு. குஞ்சு கீழே இருக்கும்போது கூட்டை வெட்டினால் சீற்றம் குறையாது. மரம் ஏறியவரின் முகமும் நினைவில் சேரும், அவ்வளவுதான். இரண்டாவது, சட்டம். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கை நெடுங்காலம் தீங்கு செய்யும் உயிரினங்களின் பட்டியலில் எலியோடும் பழந்தின்னி வௌவாலோடும் சேர்ந்து இருந்தது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தப் பட்டியலே நீக்கப்பட்டுவிட்டது. பாதுகாக்கப்பட்ட பறவைகளின் முட்டையையோ கூட்டையோ கலைப்பதையும் அந்தச் சட்டம் வேட்டை என்றே வரையறுக்கிறது. ஆகவே, காக்கைதானே என்று சொல்லித் தப்பிக்கலாம் என்ற எண்ணத்தில் இறங்க வேண்டாம். மூன்றாவது, மரத்தையே வெட்டுவது என்றால் மலைப் பகுதிகளுக்கென்றே 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வேண்டும். உண்மையிலேயே வீட்டில் நடமாட முடியாத நிலை என்றால் வனச்சரக அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். ஆனால் விண்ணப்பம் ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போவதற்குள் குஞ்சு பறந்துவிடும் என்பதே என் அனுபவம்.

இந்த இரண்டு வாரத்தை எப்படிக் கடத்துவது? மலையில் எல்லார் வீட்டிலும் இருக்கும் குடையே போதும். விரித்துப் பிடித்தால் காக்கை நெருங்காது. கறுப்புக் குடையை மடக்கிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு மட்டும் போக வேண்டாம். லோரன்ஸின் நீச்சல் உடை கதைதான் மறுபடியும். பூப்போட்ட குடை இருந்தால் இந்த மாதம் அதற்கு வேலை கொடுங்கள். குடை இல்லாத நேரத்தில் ஒரு கையைத் தலைக்குமேல் நேராக உயர்த்திக்கொண்டு நடந்தாலே பறவையின் பாதை தடைப்பட்டு உயரே விலகிப் போய்விடும். கையை வீசத் தேவையில்லை. ஓடக் கூடாது. ஓடினால் முதுகைக் காட்டுகிறோம், வழுக்கி விழுந்து வரும் காயம் காக்கையின் காயத்தைவிடப் பெரிது. தேயிலை பறிக்கும் பெண்கள் தலையில் தடித்த துணியை மடித்துப் போட்டுக்கொள்வது கூடையின் பாரத்துக்காக என்றாலும், காக்கையின் நகத்துக்கும் அது நல்ல தடுப்பு. துணிக்கொடியை வீட்டின் முன்பக்கம் மாற்றிக் கட்டிவிடுங்கள். முடியாவிட்டால் துணி போடும் வேலையை வீட்டில் வேறு யாராவது ஏற்றுக்கொள்ளட்டும். அம்மாவுக்கு இத்தனை ஆண்டில் கிடைக்காத ஓய்வு காக்கையின் தயவில் கிடைத்ததாக இருக்கட்டும்.

கல்லெறிவது, கவண் அடிப்பது, பட்டாசு வெடிப்பது எல்லாம் இன்றைய தொந்தரவை அடுத்த ஆண்டுக்கும் நீட்டும் வேலைகள். செத்த காக்கையைக் கட்டித் தொங்கவிட்டால் மற்றவை வராது என்று சிலர் யோசனை சொல்வார்கள். வயலில் அதற்குப் பயன் இருக்கலாம். குஞ்சை வைத்துக்கொண்டிருக்கும் இணைக்கு முன்னால் அதைச் செய்வது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. சோறு வைத்துச் சமாதானம் செய்யலாமா என்றும் கேட்பார்கள். காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த இரண்டு வாரம் கூட்டு மரத்துக்குக் கீழே வைக்காமல் வாசல் பக்கம் வையுங்கள். பின்னால் வைத்தால் அயல் காக்கைகள் வரும், சண்டை கூடும்.

கீறலுக்கு ஓடும் நீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு, தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் டெட்டனஸ் ஊசிக்கு மருத்துவரைக் கேளுங்கள். பறவையால் வெறிநோய் வராது. அது பாலூட்டிகளின் நோய். கண்ணருகே அடிபட்டால் மட்டும் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

குஞ்சைப் பற்றியும் கொஞ்சம். அது கூட்டிலிருந்து தவறி விழுந்த அநாதை அல்ல. உடலெல்லாம் இறகு மூடி, வால் மட்டும் கட்டையாக, கண் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில், வாயைத் திறந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அது உரிய வயதில் தானாக இறங்கிய குஞ்சு. பெற்றோர் தரையிலேயே வந்து ஊட்டுவார்கள். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. உங்கள் அம்மா தொட்ட பிறகும் அவை அதற்காக இவ்வளவு போராடுவதே அதற்குச் சான்று. பாதையில் வந்து உட்கார்ந்துவிட்டால், குடையை விரித்துப் பிடித்தபடி ஒரு துணியால் மெல்ல எடுத்து, பக்கத்திலேயே இடுப்பளவு உயரமுள்ள புதரில் வைத்துவிட்டு விலகிவிடுங்கள். வீட்டுக்குள் கொண்டுபோய்ப் பாலும் சோறும் ஊட்டுவது அதற்கும் நல்லதல்ல, உங்கள் வீட்டு முற்றத்துக்கும் நல்லதல்ல. இங்கே காலையில் காட்டுமாடு நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கொல்லைக் கதவைத் திறக்கிறோம். இரண்டு வாரம் குஞ்சு எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நாயைக் கட்டிவைத்தால் பாதிச் சத்தம் அன்றே குறையும்.

அத்தையிடம் வாதாட வேண்டாம். சனி பகவானின் வாகனம் என்பதால் வந்த அச்சம் அது. எள் விளக்கு ஏற்றுவதில் அம்மாவுக்கு மனம் நிம்மதியடைகிறது என்றால் ஏற்றட்டும். கோயிலுக்குப் போகும்போது முன்வாசல் வழியாகப் போகச் சொல்லுங்கள். விளக்கு ஏற்றிய இரண்டாவது வாரத்தில் தட்டுவது நின்றுவிட்டதே என்று அத்தை சொல்லப்போவது உறுதி. நிற்கத்தான் செய்யும், ஏனென்றால் குஞ்சு அதற்குள் சைப்ரஸ் மரத்தின் பாதி உயரத்துக்குப் போயிருக்கும்.

முடிந்துவிட்டது என்பதை எப்படி அறிவது என்றால், குரலைக் கவனியுங்கள். அந்தக் குறுகிய, வேகமான, தொண்டையைக் கீறும் குரல் நின்று, அதற்குப் பதிலாக, மூக்கால் அழுவதுபோல் இழுத்து இழுத்துக் கெஞ்சும் ஒலி மரத்துக்கு மரம் நகரத் தொடங்கும். அதுதான் பறக்கக் கற்றுக்கொண்ட குஞ்சு, பெற்றோரின் பின்னாலேயே போய் இரை கேட்கும் ஒலி. அது கேட்டபின் கொடியைப் பழைய இடத்துக்கு மாற்றலாம். இணை தன் எல்லையை விடாது. அடுத்த மார்ச்சிலும் அதே மரத்திலோ பக்கத்து மரத்திலோ சுள்ளி சுமப்பதைப் பார்ப்பீர்கள். அன்றைய தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து எட்டு வாரம் எண்ணி, அந்த வாரத்தில் கொடியை முன்பக்கம் கட்டிவிடுங்கள்.